சுத்தியலுக்குத் தப்பிய மயூர்

உதுமானின் மயூர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றுபோயிற்று. டி.வி. திரையில் வழக்கமாக வரும் தமிழ் எழுத்து வரிசைக்குப் பதிலாக, சாயம் போன கைலியைப் போலக் கட்டம் கட்டமாக என்னவோ வந்து உறைந்து நின்றது. அவன் மனைவி சைனப் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். அதே கட்டம். இன்னொரு முறை செருகினாள். இந்தத் தடவை கட்டமும் இல்லை, வெறும் கறுப்பு.

“சுலைகா, இங்கெ ஓடியா!”

அந்தேரிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுலைகா, ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்தாள். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த உதுமான் தங்கையைப் பார்த்தான். அவனால் பார்க்க மட்டும்தான் முடியும். அவன் பேச்சு முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மயூர் என்பது வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அகலம், மேலே ரப்பர் பொத்தான்கள். டி.வி.யில் மாட்டினால் அதுதான் திரை. டேப் ரிக்கார்டரில் மாட்டினால் கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றிக்கொள்ளும். அந்தேரியில் நவ்தரங் என்ற கம்பெனி எண்பத்து நாலில் அதைச் செய்து விற்கத் தொடங்கியபோது, உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துப் பாகங்களைப் பொருத்த எடுத்த முதல் பன்னிரண்டு பெண்களில் சுலைகாவும் ஒருத்தி. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்த் தாராவிக்குக் காக்கா வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். காக்கா என்று அவள் கூப்பிடுவது அண்ணன் உதுமானைத்தான். அவன் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தொழிலாளிகளுக்குக் கொடுத்த விலையில் அவள் ஒரு மயூரை வாங்கிவந்து அவன் மடியில் வைத்தபோது, புதுத் துணி கிடைத்த பிள்ளையைப் போல அன்றெல்லாம் அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

ஒரு வருஷம் அதோடு விளையாடினான். அடுத்த வருஷம் அவன் கையிலிருந்து சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும் நோய், முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். உதுமான் ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எட்டாம் நாள் எழுந்து, கட்டம் போட்ட நோட்டு வாங்கிவரச் சொன்னான்.

மயூருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தில் புள்ளி புள்ளியாக வரைந்து, அதை எண்ணாக மாற்றி, அந்த எண்களை உள்ளே ஏற்றினான். முதலில் பத்து விரலால் தட்டினான். பிறகு இரண்டு விரலால். கடைசியில் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டினான். எட்டு மாதம் ஆயிற்று. திரையின் அடியில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். மஞ்சள் பட்டை ஒன்று அவற்றின்மேல் ஒவ்வொன்றாக நகரும். அவன் வலது கட்டைவிரலுக்கு அடியில் கட்டிவைத்த வாசல்மணிப் பொத்தானை வேண்டிய எழுத்தில் அமுக்கினால் அந்த எழுத்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். விரலில் மிச்சமிருந்த அந்த ஒரு அசைவு போதும். புரோகிராம் முடிந்து ஒரு மாதத்தில் நாக்கு நின்றது. ஒரே ஒரு மாதம், அவன் நோயை முந்திக்கொண்டான்.

அந்த மயூர்தான் இப்போது செத்துக் கிடந்தது.

மிஷின் இல்லாமலே சமாளிக்கலாம் என்று சைனப் முதலில் நினைத்தாள். எழுத்துகளை வாயால் சொல்லவேண்டியது, வேண்டிய எழுத்து வந்ததும் அவன் கண்ணை மூடித் திறக்கவேண்டியது, அவ்வளவுதானே? அன்று சாயங்காலம் சுலைகா சொல்லிக்கொண்டே வந்தாள். ‘த’ வந்ததும் உதுமான் கண்ணை மூடித் திறந்தான்.

“தண்ணியா?” என்று சைனப் எழுந்து ஓடினாள். தண்ணீர் வந்தது. அவன் கேட்டது தண்ணீர் இல்லை. ஆனாலும் வாயில் ஊற்றினார்கள், விழுங்கினான். மறுபடி ‘த’விலிருந்து தொடங்கி ‘தலை’ வரை வந்தார்கள். “தலவலிக்குதா?” அதுவும் இல்லை. மூன்றாவது முறை அவன் கண்ணை மூடினான், திறக்கவே இல்லை.

“பாதி வார்த்தையிலேயே மீதிய நாம முடிச்சிருதோம், மைனி,” என்றாள் சுலைகா.

“வேற எப்படிச் செய்ய? எனக்கென்ன தமிழ் படிச்ச வாயா? நான் படிச்சது இந்தி. திரையில எழுத்து நின்னாத்தான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன்.”

சைனப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரையில் எழுத்து நிற்கும், காத்திருக்கும். உதுமானின் வாயிலிருந்து யாரும் அதைப் பிடுங்க முடியாது. மனிதர்களுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை என்று சுலைகாவுக்கு அன்றைக்குப் புரிந்தது. எப்படியாவது இதை எழுப்பியே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

திரையில் வந்த கட்டங்களை வைத்தே அவளுக்கு நோய் தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கான பலகைகளுக்கு ஈயம் வைத்தவள். நினைவுக்கான எட்டு ஐ.சி. சில்லுகளில் கோளாறு. மறுநாள் மதிய இடைவேளையில், கம்பெனிக் கட்டடத்தின் முன்பக்கமுள்ள சர்வீஸ் கவுண்டரில் போய் நின்றாள். அங்கிருந்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“மயூர் நின்னாச்சு. ஸ்பேர் கிடையாது,” என்றான் இந்தியில். “பழசக் கொண்டா, புது மாடல் மயூர் பிளஸ் சலுகையில கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச் ஸ்கீம் நடக்குது.”

“பழைய கேசட் அதுல ஓடுமா?”

“ஓடாது. உள்ளே எல்லாமே வேற. கேசட் புதுசா வாங்கிக்கணும்.”

“என் அண்ணன் எழுதின கேசட் எந்தக் கடையில கிடைக்கும்?”

அவன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பிறகு, அடுத்து நின்ற ஆளைக் கூப்பிட்டான்.

திங்கட்கிழமை சுலைகாவையும் இன்னும் நாலு பெண்களையும் ஈயம் வைக்கும் மேஜையிலிருந்து எழுப்பி, பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே கூரை முட்டும் அளவுக்கு மயூர்கள் குவிந்து கிடந்தன. எக்ஸ்சேஞ்சில் வந்தவை. பக்கத்தில் ஐந்து சுத்தியல்.

சூப்பர்வைசர் பரப் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகையைத் தரையில் வைத்தார். நடுவில், நாற்பது கால்களோடு பெரிய ஐ.சி. ஒன்று இருந்தது. கம்பெனி தனக்கென்றே செய்யச் சொல்லி வாங்கியது. வேறு எங்கும் கிடைக்காது. அதன்மேல் ஓங்கி ஒரு அடி. ஐ.சி. இரண்டாகப் பிளந்தது.

“பீச் மே,” என்றார் பரப். “நடுவுல அடிக்கணும். மத்தது எப்படிப் போனாலும் சரி.”

“நல்லா ஓடுறதையுமா சாப்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஓடுறதைத்தான் முக்கியமா. இது வெளியே போனா ரிப்பேர்காரன் ஒண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுல போடுவான். பழசு சாகவே சாகாது. அப்புறம் பிளஸ்ஸை யார் வாங்குவா? நீயா?”

சுலைகா தன் முன்னால் வந்த முதல் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். ஈயம் வைப்பதும் கையெழுத்து மாதிரிதான். அவள் வைக்கும் ஒவ்வொரு சொட்டும் நுனியில் லேசாக ஒரு மூக்கு விட்டிருக்கும். இது அவள் வைத்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அவள் கை, பளபளவென்று, ஒன்றுகூட விட்டுப்போகாமல் இருந்தது.

சுத்தியலை ஓங்கினாள். டி.வி. ஒயர் செருகும் மூலையில் இறக்கினாள். மூலை தெறித்தது, சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது, பெரிய ஐ.சி.க்கு ஒரு கீறல் இல்லை. அடுத்ததையும் அப்படியே அடித்தாள்.

பதினோரு மணிக்குப் பரப் அவள் குவியலைக் காலால் கிளறினார். ஒன்றை எடுத்து அவள் முன் நீட்டினார். “இது என்ன?”

“கை தவறிருச்சு, சாப்.”

அவர் நகரவில்லை. அவள் அதை வாங்கித் தரையில் வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் அடித்தாள். ஐ.சி. நொறுங்கிய சத்தம் அவள் பல்லில் கூசியது. ஒன்று போனது. அவர் போன பிறகு அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். பெரிய ஐ.சி.க்கு இரண்டு விரற்கடை தள்ளி அடித்தால் பலகை நெடுக விரிசல் ஓடும். பார்வைக்கு இரண்டாகப் பிளந்தது போலவே இருக்கும். அதன்பின் பரப் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் வெளியே எடுத்துப் போவது எப்படி? கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். சோற்று டப்பாவைக்கூடத் திறக்கச் சொல்வார்கள். மாட்டினால் திருட்டுப் பட்டம். புதன்கிழமை, உடைத்த சரக்கை அள்ள லாரி வந்தபோது, அவள் டிரைவரிடம் போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டாள், இதெல்லாம் எங்கே போகிறது என்று.

“தாராவி. தேரா கம்பவுண்ட். உங்க மதராசி சேட்தான், பாண்டின்னு ஒருத்தர். பிளாஸ்டிக் அரைக்கிறார்.”

சுலைகா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான். அந்தேரியில் அவளால் கைப்பிடி அளவுகூடக் கடத்த முடியாத சரக்கு, அவள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனாள். இசக்கிப்பாண்டி தென்காசிப் பக்கத்துக்காரர். பழைய கேன், உடைந்த நாற்காலி, பொம்மை எல்லாவற்றையும் அரைத்து மூட்டை கட்டுகிறவர். உடைந்த மயூர் பலகைகளில் கொஞ்சம் வேண்டும் என்பதை, அரவை மிஷின் ஓடிய சத்தத்தில் அவள் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“முடியாது தங்கச்சி. கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன். வெளிய ஒண்ணும் போகக்கூடாதுன்னு.”

“அந்தத் தாளக் காட்டுங்க, அண்ணாச்சி.”

இங்கிலீஷ் தாள். கையெழுத்து மட்டும்தான் அவருடையது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. சுலைகா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துச் சொன்னாள். பெட்டிகளை அரைத்துவிட வேண்டும். எந்தப் பாகத்தையும் விற்கக் கூடாது.

“விக்கத்தானே கூடாது? நான் வாங்க வரல. சும்மா குடுங்க.”

இசக்கிப்பாண்டி சிரித்துவிட்டார். “நல்ல வாயிதான் ஒனக்கு. எதுக்கு இந்தக் குப்ப?”

“ஒரு அரை மணி நேரம் எங்கூட வந்தீங்கன்னா தெரியும்.”

எதற்கு வருகிறோம் என்று தெரியாமலே அவர் வந்தார்; அண்ணன் வாத்தியார் என்று மட்டும் வழியில் சொல்லியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சத்தமாக, “எப்படி இருக்கீக வாத்தியாரய்யா?” என்றார்.

உதுமான் சுலைகாவைப் பார்த்தான். ஏதோ சொல்லவேண்டுமாம். அவள் எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ‘உ’வில் கண் மூடித் திறந்தது.

“உடம்பா? உடம்புக்கு என்ன செய்யுது?” என்றார் இசக்கிப்பாண்டி.

இல்லை. அடுத்தது ‘க்’.

“உக்கிரமா வலிக்கோ?”

உதுமான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சுலைகா கையைக் காட்டி அவரை அடக்கினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பதினெட்டு மெய்யையும் சொல்லி, அது கிடைத்ததும் அதன் வரிசையைச் சொல்லி வந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இசக்கிப்பாண்டி இந்தக் காலிலும் அந்தக் காலிலுமாக மாறி மாறி நின்றார்.

“உக்காருங்க,” என்று படித்தாள் சுலைகா.

வந்த மனிதர் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் கட்டிலோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, குரலைத் தணித்து, “வாரேன், வாத்தியாரய்யா,” என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது சுலைகாவிடம் சொன்னார்: “வந்து வேணுங்கறத அள்ளிக்கோ. எவன் கேக்கான்னு பாப்போம்.”

அன்று பகல் முழுக்க அவள் அந்தக் குவியலில் உட்கார்ந்து பொறுக்கினாள். தன் அடியை அவளுக்கே அடையாளம் தெரிந்தது. விரிசல் ஓடிய பலகை, நடுவில் முழு ஐ.சி. அப்படிப் பதினான்கு தேறின. நினைவுக்கான ஐ.சி.கள் வேண்டிய மட்டும் கிடைத்தன.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, வெளிச்சத்துக்காக வாசல்படியை ஒட்டி உட்கார்ந்தாள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, செத்த எட்டையும் கழற்றி, புது எட்டையும் மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் திரை வெளுத்தது. சைனப் கைதட்டிவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ரப்பர் தீய்வது போல ஒரு வாடை. திரை மறுபடி கட்டம் கட்டமாகக் கிழிந்து, கறுத்துப் போயிற்று.

சுலைகா சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். அவசரம்தான் காரணம். எட்டும் எதனால் செத்தன என்று பார்க்காமலே புது எட்டைக் கொண்டுபோய் அதே வாயில் கொடுத்திருக்கிறாள்.

“போகட்டும் விடு,” என்றாள் சைனப். “அல்லா விட்ட வழி.”

“வழி இன்னும் இருக்கு, மைனி. எட்டு போச்சு. பையில எண்பது கெடக்கு.”

மீட்டரை எடுத்து மின்சாரம் வரும் பாதையை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். சுருள் கம்பிக்குப் பக்கத்திலிருந்த சின்ன டிரான்சிஸ்டரில் முள் தப்பான இடத்துக்கு ஓடியது. சரியான அளவு மின்சாரத்தைக் கொடுக்கவேண்டிய அதுதான் கெட்டு, கூட இருந்தவற்றையும் எரித்திருந்தது. அதை மாற்றினாள். இந்த முறை ஐ.சி. எதுவும் இல்லாமல் முதலில் மின்சாரத்தை மட்டும் விட்டு அளந்தாள். சரியாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எட்டு. பெரிய ஐ.சி.யும் போயிருந்தது; பதினான்கில் ஒன்றை எடுத்து அழுத்தி உட்காரவைத்தாள்.

திரை வெளுத்தது. நின்றது. ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடை இல்லை.

டேப் ரிக்கார்டரில் உதுமானின் கேசட்டைப் போட்டாள். கீச்சென்று ஓடி, முடிகிற நேரத்தில் தவறு என்று காட்டி நின்றது. ரிக்கார்டரின் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மறுபடி ஓடவிட்டாள். கீச்சுச் சத்தம் ஓய்ந்தபோது, திரையின் அடியில் அ ஆ இ ஈ என்று வரிசை வந்து நின்றது. மஞ்சள் பட்டை நகரத் தொடங்கியது.

சைனப் பொத்தானை உதுமானின் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக் கட்டினாள். யாரும் ஊகிக்கவில்லை, யாரும் குறுக்கே பேசவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறின. சைனப் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

“ஃ-பே-ன-த் தி-ரு-ப்-பு. ப-தி-மூ-ணு நா-ளா க-ண்-ணு-ல-யே அ-டி-க்-கு-து.”

அவள் படித்து முடிக்குமுன்பே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஓடிப்போய் ஃபேனைத் திருப்பிவைத்தாள். ‘த’, ‘தலை’ என்று தொடங்கி அவன் அன்று சொல்ல வந்தது, தலைமாட்டில் இருந்த ஃபேனைத்தான்.

உதுமான் நிறுத்தவில்லை. எப்படிச் சரி செய்தாய் என்று கேட்டான். சுலைகா கொட்டகையை, சுத்தியலை, பரப் சொன்னதை எல்லாம் சொன்னாள். பட்டை இரண்டு மூன்று சுற்று சும்மா ஓடியது. பிறகு எழுதினான்:

“மத்தவங்ககிட்ட இருக்கற மயூருக்கு யாரு இருக்கா?”

“அதத்தான் நானும் நெனச்சேன், காக்கா,” என்றாள் சுலைகா.

மறுநாளே வேலைக்குப் போனாள். கொட்டகையில் குவியல் தீர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மெஹராஜ் இரண்டாம் நாளே விஷயத்தைக் கண்டுகொண்டாள். ஒன்றும் கேட்காமல் தன் அடியையும் இரண்டு விரற்கடை தள்ளிப் போட ஆரம்பித்தாள். அந்த வார முடிவில் ஐந்து பேரும் அப்படித்தான் அடித்தார்கள். ஞாயிறுதோறும் இசக்கிப்பாண்டியின் குவியலில் முழு ஐ.சி.கள் கூடிக்கொண்டே வந்தன.

கொட்டகை காலியானதும் பிளஸ் பலகைக்கு ஈயம் வைக்கக் கூப்பிட்டார்கள். சுலைகா போகவில்லை. மூன்று வருஷம் கழித்து அதையும் சுத்தியலால் அடிக்கச் சொல்வார்கள் என்று பரப்பிடம் சொல்லிவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இசக்கிப்பாண்டி தன் மாடிப் பரணில் ஒரு மேஜை போட இடம் கொடுத்தார். “மயூர் ரிப்பேர்” என்று தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதித் தொங்கவிட்டாள். முதல் மாதம் ஏழு பேர் வந்தார்கள். செம்பூரிலிருந்து ஒரு அம்மாள், விக்ரோலியிலிருந்து ஒரு ஃபிட்டர், மாட்டுங்காவிலிருந்து பேராசிரியர் ஒருவர். எல்லோரும் மயூரைத் துணிப்பையில் சுற்றி, உடம்பு சரியில்லாத பூனையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார்கள். கம்பெனி கைவிட்ட ஒன்றை வைத்திருக்கிறோமே என்று கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார்கள். சுலைகா அவர்களை உட்காரச் சொல்வாள்.

உதுமான் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தான். அந்த மயூர் அவனுக்காக ஒருநாள்கூட நிற்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்த பழைய மாணவர்களுக்குக் கணக்குச் சொன்னான். சைனப்போடு சண்டை போட்டான். ஒருமுறை இசக்கிப்பாண்டியை மூக்குடைத்தான். எண்பத்தொன்பதில், நோன்புப் பெருநாள் கழிந்த வாரம், மூச்சு நின்றது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் சுலைகா பரணுக்குப் போய் மேஜையைத் துடைத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் திலக் நகரிலிருந்து ஒருவர் படியேறி வந்தார். பையிலிருந்து அவர் எடுத்தது மயூர் இல்லை, மயூர் பிளஸ். நவ்தரங் அதையும் நிறுத்திவிட்டதாம், ஸ்பேர் இல்லையாம், இன்னொரு புது மாடல் வந்திருக்கிறதாம்.

“நீங்க பழசுதான் பாப்பீங்கன்னு சொன்னாங்க. இதப் பாப்பீங்களா?”

சுலைகா இதற்குமுன் ஒரு பிளஸ்ஸையும் திறந்து பார்த்ததில்லை. அவளிடம் அதற்கு ஒரு திருகாணிகூட இல்லை. பெட்டியை வாங்கிக் கவிழ்த்து, முதல் திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்தாள்.

“வச்சுட்டுப் போங்க,” என்றாள். “வியாழக்கிழமை வாங்க.”